புழுவை மருந்தாக உண்ணலாமா?

உயிரைக் கொன்று செய்த மருந்தை ஏற்கலாமா என்னும் வினா நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. மருந்தைத் தேனில் குழைத்து உண்ணுமாறு சொன்ன வைத்தியரிடம், "வெந்நீர் போதும் ஐயா" என்று பணிவுடன் மறுத்த முதியோர் நம் இல்லங்களில் இருந்தனர். மீன் எண்ணெய் கலந்த மாத்திரை என அறிந்து அதனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோர் இன்றும் உளர். ஆனால் அண்மைக் கால மருத்துவ ஆராய்ச்சி நம்முன் வைத்துள்ள வினா இவற்றினின்றும் வேறானது. இங்கே உயிரைக் கொன்று மருந்து செய்யவில்லை. உயிரோடிருக்கும் ஒன்றே மருந்தாகிறது. குடலில் வாழும் புழுவின் முட்டையையோ இளம்புழுவையோ நோயாளியின் உடலுக்குள் வேண்டுமென்றே செலுத்தி, அதன் வாயிலாகக் குடல் அழற்சி முதலிய நோய்களைத் தணிக்க முயல்கின்றனர். இதனைக் குடற்புழு மருத்துவம் என்று சொல்லலாம்.

கேட்டவுடன் முகம் சுளிப்பது இயல்பே. ஆனால் அருவருப்பு வேறு, அறம் வேறு. நமக்கு அருவருப்பைத் தருவன யாவும் தீவினை ஆகா. இனிப்பாய் இருப்பன யாவும் நல்வினையும் ஆகா. ஆதலால் முகம் சுளிப்பதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இம்மருத்துவம் எவ்வாறு தோன்றியது, அதனால் விளைந்தது என்ன என்பதை முதலில் அறிவோம். அறிந்த பின்னர் அறத்தின் நோக்கில் ஆராய்வோம்.

மருத்துவர் புழுவை நாடிய வரலாறு

நம் உடலைக் காக்க நோய் எதிர்ப்பாற்றல் என்னும் காவற்படை ஒன்று உண்டு. புறத்திலிருந்து வரும் பகையை எதிர்ப்பது அதன் தொழில். சிலர் உடலில் இப்படை நிலை தடுமாறி, காக்க வேண்டிய ஊரையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. குடலைத் தாக்கினால் கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என்பன தோன்றுகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பின் உறையைத் தாக்கினால் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் உண்டாகிறது. கிரோன் நோயை 1932-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து மருத்துவர் பர்ரில் கிரோன் என்பாரும் அவர்தம் துணைவர் இருவரும் விளக்கி எழுதினர். ஓயாத வயிற்றுவலி, கழிச்சல், உடல் மெலிவு, பன்முறை அறுவை என நோயாளியை அலைக்கழிப்பது அந்நோய். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வம் மிக்க தொழில்வள நாடுகளில் இத்தகைய நோய்கள் பெருகின.

தூய நீரும் கழிவறையும் நல்ல உணவும் உள்ள நாடுகளில் இந்நோய்கள் ஏன் பெருக வேண்டும்? 1989-ஆம் ஆண்டு டேவிட் ஸ்டிராக்கன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு கருத்தை வெளியிட்டார். 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை அவர் ஆராய்ந்தார். அண்ணன் அக்காள் பலர் உள்ள வீட்டில் வளர்ந்தவர்க்கு மகரந்த ஒவ்வாமை குறைவாக இருப்பதைக் கண்டார். இளமையில் பலவகைத் தொற்றுகளோடு பழகிய உடல் பின்னாளில் தேவையின்றிச் சினம் கொள்வதில்லை போலும் என்று அவர் கருதினார். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் வைன்ஸ்டாக்கும் அவருடைய துணைவர்களும் இக்கருத்தைக் குடற்புழுவோடு இணைத்துப் பார்த்தனர். மனித இனம் தோன்றிய நாள்தொட்டுப் புழுக்கள் மனிதன் குடலில் வாழ்ந்து வந்துள்ளன. தொழில்வள நாடுகளில் ஓரிரு தலைமுறைக்குள் அவை மறைந்துவிட்டன. குடல் அழற்சி பெருகியதும் அக்காலத்தில்தானே என்று அவர்கள் வினவினர். கிரகாம் ரூக் என்னும் அறிஞர் 2003-ஆம் ஆண்டு இத்தகைய உயிர்களைப் 'பழைய நண்பர்கள்' என்றே பெயரிட்டு அழைத்தார்.

இதற்கு ஒரு காரணமும் கூறினர். புழு தன் வாழ்நாளைப் பிறர் உடலுக்குள் கழிக்க வேண்டியது. வீட்டுக்குரியவனின் காவற்படை விழித்திருந்தால் அதற்கு வாழ்வில்லை. ஆதலின் அப்படையை அமைதிப்படுத்தும் பொருள்களை அது சுரக்கிறது. அதன் விளைவாக அழற்சியை அடக்கும் உயிரணுக்கள் உடலில் மிகுகின்றன. தன்னைக் காத்துக்கொள்வதற்காகப் புழு செய்யும் இச்செயல், தன் உடலையே தாக்கிக்கொள்ளும் நோயாளிக்கும் நலம் பயக்கக்கூடும் என்பதே மருத்துவர்களின் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பும் முடிவும்

அயோவாவில் அவர்கள் தேர்ந்தெடுத்தது பன்றியின் சாட்டைப்புழு. 2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கிரோன் நோயாளிகள் 29 பேர் மூன்று வாரத்திற்கு ஒரு முறை 2,500 முட்டைகளை நீர்மத்தில் கலந்து அருந்தினர். 24 வாரங்கள் இவ்வாறு நடைபெற்றது. கணக்கிட்டால் ஒருவருக்கு 20,000 முட்டைகள் ஆகின்றன. முடிவில் 23 பேருக்கு நோய் தணிந்தது. அவர்களுள் 21 பேருக்கு நோய்க்குறிகள் அடங்கிவிட்டன என்றும் கூறலாயிற்று. மருத்துவ உலகம் வியந்தது.

2007-ஆம் ஆண்டு அர்ஜென்டினா நாட்டிலிருந்து வேறொரு செய்தி வந்தது. மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களில், இயற்கையாகவே குடற்புழு தொற்றியிருந்த 12 பேரையும், தொற்றில்லாத 12 பேரையும் கொரயாலே, ஃபாரெஸ் என்னும் இருவர் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்து வந்தனர். புழு இல்லாதவர்க்கு அக்காலத்தில் 56 முறை நோய் மீண்டும் தாக்கியது. புழு உள்ளவர்க்கோ 3 முறைதான். பின்னர் அப்புழுவுடையோருள் நால்வருக்கு வயிற்று உபாதை மிகவே, புழுக்கொல்லி மருந்து தர நேர்ந்தது. அதன்பின் அவர்களுடைய நரம்பு நோய் மீண்டும் தலைதூக்கியதாக 2011-இல் அவர்கள் எழுதினர்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், 'புழுவே மருந்து' என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் ஒரு மருந்தின் மெய்யை அறிய ஒப்பீடு வேண்டும். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தையும், மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மத்தையும், எவர்க்கு எது என்று கொடுப்பவரும் உண்பவரும் அறியாதபடி கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அயோவாவின் 29 பேரிடம் இவ்வொப்பீடு இல்லை. 54 பெருங்குடல் அழற்சி நோயாளிகளிடம் ஒப்பீட்டோடு நடத்திய ஆய்வு ஓரளவு நலத்தைக் காட்டியது உண்மையே. ஆயினும் 2010-இல் டென்மார்க்கு நாட்டில் மகரந்த ஒவ்வாமை உள்ள 100 பேரிடம் செய்த ஆய்வில் யாதொரு பயனும் காணப்படவில்லை. 2013-இல் அமெரிக்காவில் 250 கிரோன் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில் முட்டை உண்டவர் உண்ணாதவரைவிட மேம்படவில்லை. ஐரோப்பாவில் 252 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வோ பயனில்லை எனக் கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவ்வாய்வில் வெறும் நீர்மம் அருந்தியவர்களிலேயே பத்துப் பேரில் நால்வருக்கு மேல் நோய் அடங்கியிருந்தது. மருந்து உண்டோம் என்னும் நம்பிக்கையும், தானே ஏறித் தானே இறங்கும் அந்நோயின் இயல்பும் மருந்தின் பெயரைத் தட்டிச் சென்றுவிடுகின்றன.

கொக்கிப்புழுவைக் கொண்டும் ஆய்வுகள் நடந்தன. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 71 நரம்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினரின் தோல்வழியாக 25 இளம்புழுக்கள் செலுத்தப்பட்டன. அழற்சியை அடக்கும் உயிரணுக்கள் மிகுந்தன, பெருந்தீங்கு விளையவில்லை. ஆயினும் மூளைப்படத்தில் எதிர்பார்த்த வேறுபாடு தெளிவாகக் கிட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் நீரிழிவை நெருங்கும் நிலையிலுள்ள 40 பேரிடம் நடத்திய சிறிய ஆய்வு 2023-இல் வந்தது. அது சிறிது நம்பிக்கை தருகிறது. ஆய்வு முடிந்து புழுவை நீக்கும் மருந்தைத் தர முன்வந்தபோது, பங்கேற்றோரில் பெரும்பாலோர் புழுவை வைத்துக்கொள்ளவே விரும்பினராம்! எனினும் இன்றுவரை எந்த நோய்க்கும் இதுவே மருந்து என்று நிறுவப்படவில்லை. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஏழைப் பிள்ளையின் வயிற்றில்

மேனாட்டவர் விரும்பி ஏற்கும் அதே புழுவை வேறோர் இடத்திலும் நாம் காண வேண்டும். மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறக்குறைய 150 கோடி மக்களைப் பற்றியிருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஏழை எளியோர்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், நலவாழ்வுப் பாடத்தில் கொக்கிப்புழுவின் வாழ்க்கைச் சுற்றைக் கரும்பலகையில் வரைந்து விளக்கக் கற்பித்தனர். மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் பொரிகிறது; இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது; குருதியோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது; ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அவ்வுயிர் அங்கே பற்றிக்கொண்டு குருதியை உண்டு பல ஆண்டுகள் வாழ்கிறது. படம் வரைவது எளிது. அப்படத்தின் பொருளை எனக்கு உணர்த்தியவர்கள் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளைகள். கீழிமையை விலக்கிப் பார்த்தால் வெண்மை, நகத்தில் வெளிறல், மண்ணையும் சுண்ணக்கட்டியையும் தின்னும் ஆசை, காலை பத்து மணிக்கே உறக்கம். 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் மந்தமல்லர், குருதி குறைந்தவர் என்பதை ஆண்டுகள் பல சென்ற பின்னரே ஓர் ஆசிரியர் அறிகிறார்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 10-ஆம் நாள் குடற்புழு நீக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்குகின்றனர். ஓரிடத்தில் புழுவை நீக்க மாத்திரை. வேறோரிடத்தில் புழுவையே மாத்திரையாகக் கொள்ள ஆவல். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவா? அல்ல. ஊட்டமின்றி நூற்றுக்கணக்கான புழுவைத் தாங்கும் பிள்ளையின் நிலை ஒன்று. நல்லுணவு உண்டு இருபத்தைந்து புழுவை மருத்துவர் கண்காணிப்பில் ஏற்கும் ஒருவரின் நிலை மற்றொன்று. ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் அநேகாந்தம் நமக்குப் பயிற்றுவித்த பார்வை இது. ஆனால் அநேகாந்தம் என்பது அவரவர் வசதிக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளும் உரிமைச் சீட்டன்று. எல்லா நோக்கையும் கண்டபின் எது தகும் என்று துணிய வேண்டிய கடமை எஞ்சியே நிற்கிறது.

தயிரும் புழுவும் ஒன்றா?

இப்பொழுது அறத்தின் நோக்கிற்கு வருவோம். "தயிரில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் உள்ளனவே, அவற்றை உண்கிறோமே; நம் குடலிலேயே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றனவே; புழுவை உண்பதில் மட்டும் என்ன வேறுபாடு?" என்று படித்த இளைஞர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. அதற்கு விடை நம் உயிர்ப் பாகுபாட்டில் உள்ளது.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தில், புலன்கள் ஒவ்வொன்றாய் ஏறும் உயிர்வரிசைக்கு எடுத்துக்காட்டாக முதலில் வைக்கப்பட்டிருப்பது புழுவே. அதற்குப் பின்னரே எறும்பும் வண்டும் மனிதரும் வருகின்றனர். தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர் அது. தானே இயங்கும் திரச ஜீவன். இல்லறத்தார் நிலையுயிர்களுக்கு இழைக்கும் ஊறு முற்றும் நீங்காது. உழுதல், சமைத்தல், நீர் காய்ச்சுதல் இவற்றால் அது நிகழ்ந்தே தீரும். அதனைக் குறைக்க முயலுமாறு மட்டுமே அணுவிரதம் பணிக்கிறது. இயங்கும் உயிரை வேண்டுமென்றே அழித்தலையோ அவ்விரதம் விலக்குகிறது. ஆதலின் தயிரைச் சான்று காட்டிப் புழுவை ஏற்க இயலாது. எல்லைக்கோடு வரையப்பட்ட இடத்திலேயே புழு நிற்கிறது.

அவ்வாறாயின் புழு மருத்துவம் முழுவதும் கொலையே என்று கூறிவிடலாமா? அதுவும் பொருந்தாது. உயிரைத் தன் உடலில் ஏற்பது அதனைக் கொல்வதாகாது. இங்கேதான் நாம் நின்று நிதானித்து இருவகைப் புழுவையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

பன்றியின் சாட்டைப்புழுவை மருத்துவர் தேர்ந்தது ஏன்? மனிதக் குடல் அதன் வீடன்று. அங்கே அது சிறிது காலமே தங்கி மாய்ந்து வெளியேறிவிடும், பிறர்க்கும் பரவாது. ஆகவே நோயாளிக்கு அச்சமில்லை என்றனர். அதாவது, அவ்வுயிரைத் தேர்ந்ததற்குக் காரணமே அது வாழமாட்டாது என்பதுதான். மருத்துவத்தின் நோக்கில் எது அதன் தகுதியோ, அறத்தின் நோக்கில் அதுவே குற்றமாகிறது. ஒருவேளை மருந்துக்கு 2,500 உயிர்கள் வாழமுடியாத இடத்திற்கு அறிந்தே அனுப்பப்படுகின்றன. அனுப்புவோர் உள்ளத்தில் பகையில்லை, வெகுளியில்லை. ஆயினும் அவற்றின் அழிவு எதிர்பாராது நேர்ந்த ஒன்றன்று; திட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. அம்முட்டைகளைப் பெறுவதற்கெனவே பன்றிகளை வளர்த்து, அவற்றின் குடலில் வேண்டுமென்றே புழுவை ஏற்றுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது. ஐந்தறிவுயிர் ஒன்று இம்மருந்துக்கு உலைக்களமாகிறது.

கொக்கிப்புழுவின் நிலை வேறு. மனிதக் குடலே அதன் இயல்பான இல்லம். உள்ளே சென்றது அங்கே ஆண்டுக்கணக்கில் வாழும். உடலுக்குள் தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளாது. எத்தனை புகுந்தனவோ அத்தனைக்கு மேல் இராது. இதனை நோக்க, ஒருவர் தம் குருதியைச் சிறிது ஈந்து ஓர் உயிரைப் பேணுகிறார் என்று சொல்லத் தோன்றும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைவன என்னும் நம் கொள்கைக்கு இதனைச் சான்றாகக் காட்டவும் சிலர் முற்படலாம்.

நான் அவ்வளவு விரைவில் அதற்கு இசைய மாட்டேன். விருந்தினரை நாம் அழைப்பது அவர் பொருட்டு. இப்புழுவை அழைப்பதோ நம் பொருட்டு. நமக்கு வயிற்றுவலி மிகுந்தால், குருதி குறைந்தால், பயன் இல்லையென்று தோன்றினால், அல்பெண்டசோலை விழுங்கி அதனைக் கொன்றுவிடும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அழைக்கிறோம். வேண்டும்வரை இருக்கச் செய்து, வேண்டாதபோது அழிக்கும் உறவுக்கு விருந்தோம்பல் என்று பெயரிடுதல் சொல்லுக்குச் செய்யும் தீங்காகும். மேலும் இவ்விளம்புழுக்களைப் புழுவுடைய ஒருவரின் மலத்திலிருந்து வளர்த்தெடுக்கின்றனர். உடலுக்குள் செல்லும் இருபத்தைந்துக்காக வளர்க்கப்பட்ட ஏனையவற்றின் கதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆக, நோயாளிக்குப் பாதுகாப்பான புழு தான் மாள்கிறது. தான் வாழும் புழுவோ நோயாளிக்கும் ஊராருக்கும் முற்றும் பாதுகாப்பானதன்று. கழிவுநீர்க் குழாயுள்ள நகரத்தில் அதன் முட்டை மண்ணை அடைவதில்லை; திறந்த வெளியில் மலங்கழிக்கும் ஊரில் ஒருவரின் மருந்து பல பிள்ளைகளின் நோயாகிவிடும். இவ்விருமுனைச் சிக்கலை அவிழ்க்காமல் இம்மருத்துவத்தை 'இயற்கையானது, அகிம்சையானது' என்று புகழ்வது தகாது.

புழுவைக் கொல்லும் மாத்திரை பாவமா?

"அப்படியானால் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையும் பாவந்தானே, டீச்சர்?" என்று மாணவியர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நம் குடும்பங்களிலும் இவ்வையம் உண்டு. இல்லறத்தார் செய்யும் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகைப்படுத்தி, அவற்றுள் கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்குமாறு நம் ஆசிரியப் பெருமக்கள் கற்பித்தனர். பிள்ளையைக் காக்கும் நோக்கோடு தரும் மருந்து அவ்வகையில் அடங்காது. தாய் அதனைக் கொடுக்கத் தயங்க வேண்டுவதில்லை. தயங்கினால் அப்பிள்ளைக்கு இழைக்கும் ஊறு பெரிதாகும்.

ஆயினும் அதனைப் புண்ணியம் என்று கொண்டாடவும் வேண்டா. தவிர்க்க முடியாத இம்சையும் இம்சையே. அதனைச் செய்யும் தேவையே எழாதவாறு நடந்துகொள்வது அதனினும் மேலானது. கழிவறையைப் பயன்படுத்தல், காலில் செருப்பணிதல், உண்ணுமுன் கைகழுவுதல், நகம் வெட்டுதல், கீரையையும் காயையும் நன்கு அலசுதல் என்பன எளிய செயல்கள். இவற்றால் பிள்ளையின் வயிற்றில் புழு புகுவதில்லை. பின்னர் மருந்திட்டுக் கொல்லவும் நேர்வதில்லை. நம் துறவோர்க்கு உரைக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் ஒன்று, உடற்கழிவை எவ்வுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் இடம் பார்த்து நீக்குதல் பற்றியது. அதன் உள்ளுறையை இல்லறத்தார் தம் ஊர்ச் சுகாதாரத்திற்குப் பொருத்திக்கொள்ளின், ஒரே செயலால் குழந்தையையும் காக்கலாம், கொலையையும் குறைக்கலாம்.

வாய்மையும் ஒரு விரதமன்றோ!

அகிம்சையோடு வாய்மையும் நம் ஐந்து விரதங்களுள் ஒன்று. புழு மருத்துவத்தில் இம்சையைப் போலவே வாய்மையும் ஒரு சிக்கலாகிறது. பெரிய ஆய்வுகள் பயனின்மையைக் காட்டிய பின்னரும், முதலில் வந்த 29 பேரின் கதையை மட்டும் சொல்லி, நோயால் நொந்தவர்க்கு முட்டைகளையும் இளம்புழுக்களையும் விலைக்கு விற்போர் வெளிநாடுகளில் உளர். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் இவற்றை மருந்தாக ஏற்று அனுமதி அளிக்கவில்லை. பொய்யுரைத்தால்தான் வாய்மை கெடும் என்பதில்லை. மெய்யின் ஒரு பாதியை மட்டும் உரைத்தாலும் கெடும். வலியால் துடிக்கும் ஒருவர் எதனையும் நம்பத் துணிவார். அவருடைய நம்பிக்கையை விலைபொருளாக்குவது புழுவுக்கும் இம்சை, அவருக்கும் இம்சை.

இதனை வலியுறுத்தக் காரணமுண்டு. கடும் நோயில் வேறு வழியில்லை என்னும்போது இல்லறத்தார் சில விலக்குகளை ஏற்கின்றனர். அவ்விலக்குக்கு அடிப்படை, அம்மருந்து உயிரைக் காக்கும் என்னும் உறுதி. உறுதியே இல்லாதபோது விலக்கு எதன்மேல் நிற்கும்? இன்றைய நிலையில் புழு மருத்துவத்திற்கு எதிராக நாம் கூறத்தக்க முதல் காரணம் அதுவே. நாளை ஒரு நல்ல ஆய்வு, இப்புழு இந்நோயை இவ்வளவு தணிக்கும் என்று ஐயமற நிறுவினால், நாம் மீண்டும் அமர்ந்து எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். அப்பொழுதும் மாள்வதற்கென்றே அனுப்பப்படும் புழுவுக்கும் வாழவிடப்படும் புழுவுக்கும் உள்ள வேறுபாடு நம் கண்முன் நிற்க வேண்டும்.

உயிரினின்றும் கற்றல்

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நீரிழிவு நோய்க்கு இன்சுலின் 1922-ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் முதன்முதல் செலுத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் அது மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அந்நாளில் நம்மவர் பட்ட மனவேதனை சிறிதன்று. 1982-ஆம் ஆண்டு நுண்ணுயிரின் துணைகொண்டு ஆக்கிய மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து நின்றது, கணையம் எடுக்க வேண்டிய தேவை நீங்கிற்று.

கொக்கிப்புழுவிடமும் இத்தகைய வழியைத் தேடுகின்றனர். ஆஸ்திரேலிய அறிஞர்கள் அப்புழு சுரக்கும் ஏ.ஐ.பி-2 என்னும் புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கி, அது எலிகளின் ஆஸ்துமாவைத் தணிப்பதை 2016-இல் வெளியிட்டனர். எலி ஐந்தறிவுயிர் என்பதையும், இவ்வழியும் இம்சையற்றதன்று என்பதையும் நான் மறைக்கவில்லை. மனிதர்க்கு மருந்தாக அது வந்தடைய இன்னும் நெடுவழி உண்டு. ஆயினும் போகும் திசையை நோக்குங்கள். உயிரை விழுங்குவதிலிருந்து, உயிரிடம் உள்ள நுட்பத்தைக் கற்றுக்கொள்வதற்கு அறிவியல் நகர்கிறது. அத்திசையில் செல்லும் ஆய்வை நாம் வரவேற்கலாம். அதனை இன்னும் குறைந்த ஊறுடன் செய்யுமாறு வற்புறுத்தவும் செய்யலாம்.

இறுதியாக ஒரு சொல். நம் குடும்பங்களில் கிரோன் நோயாலோ நரம்பு நோயாலோ துன்புறும் இளையோர் இருப்பர். அவர்களுடைய தாய் தந்தையர் எங்கேனும் இச்செய்தியைப் படித்து, "இதையும் செய்து பார்க்கலாமா?" என்று நள்ளிரவில் ஏங்கியிருத்தலும் கூடும். அவர்களிடம் நூல்களை எடுத்துக்காட்டித் தீர்ப்பு வழங்குதல் நம் வேலையன்று. மருத்துவர் இன்று கொடுக்கும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இம்மருத்துவம் இன்னும் நிறுவப்படவில்லை என்னும் உண்மையை அன்போடு எடுத்துரையுங்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். அப்பிள்ளைக்கு ஏற்ற உணவைச் சமைத்துக் கொடுங்கள். ஈரறிவுயிரின்பால் இரங்கும் நம் நெஞ்சு, எதிரே வலியோடு அமர்ந்திருக்கும் ஆறறிவுயிரின்பால் இரங்காது போனால் அவ்விரக்கத்தை யார் நம்புவர்?

இவ்வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே. வேறு நோக்கில் கண்ட சான்றோர் தம் கருத்தை இவ்விதழுக்கு எழுதி எம்மைத் தெளிவிப்பாராக.

வளர்க அறம்! வாழ்க எல்லா உயிரும்!